சறுக்கல் நேரம்

அவளுக்குத் தனிமை என்று யாராவது சொன்னால் அவளே சிரித்திருப்பாள். வீட்டில் கணவர் இருந்தார், பத்து வயது மகள் இருந்தாள், பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அவள் பார்த்தது மென்பொருள் எழுதும் வேலை. வேறு ஊரிலிருந்த ஒரு கம்பெனிக்காக, வீட்டின் பின்னறையில் துணி காயப்போடும் கம்பிக்கும் ஜன்னலுக்கும் நடுவே மேஜை போட்டு, மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தாள். இந்த ஊருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேலையைப் பற்றி நேருக்கு நேர் ஒருவரிடம்கூட அவள் பேசியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்று நாளாக அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பிழை பிடிபட்டது. ஒரே நோயாளியை மென்பொருள் இரண்டு பேராக நினைத்துக்கொண்டு, இரண்டு டாக்டர்களிடம் ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது. காரணம், பெயருக்குப் பின்னால் யாரோ தட்டிவிட்ட ஒரே ஒரு வெற்றிடம். கண்ணுக்கே தெரியாத வெற்றிடம்! அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டாள். உடனே கணவருக்குப் போன் போட்டாள். அவர் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர்.

"மெழுகு உருகிட்டிருக்கு. யாருக்காவது உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லைங்க, ஒரு ஸ்பேஸ்! அந்த ஸ்பேஸ்தான் எல்லாத்துக்கும்..."

"அப்போ சாயங்காலம் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். அவள் அவரையும் விடவில்லை. "அண்ணே, கண்டுபிடிச்சுட்டேன்!" என்றாள். அவர் முகம் மலர்ந்து, "ரொம்ப நல்லதும்மா. காலி கேன் எங்க இருக்கு?" என்றார்.

அவள் கேனை எடுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தாள். இந்த ஊரில் இன்னொருவராவது இருப்பார், இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஒருவராவது இருப்பார் என்று தோன்றியது. அன்று மாலையே பொது நூலகத்துக்குப் போனாள்.

நூலகர் கண்டிப்பான பெண்மணி. அவள் நீட்டிய அறிவிப்புத் தாளை இரண்டு முறை படித்தார்.

"என்ன சங்கம் இது?"

"சங்கமெல்லாம் இல்லைங்க. மென்பொருள் எழுதுறவங்க மாசம் ஒரு தடவை கூடிச் சும்மா பேசலாம்னு..."

"சும்மா பேசுறதுக்கு வெளியில பெஞ்ச் போட்டிருக்கே."

கால்மணி நேரம் மன்றாடிய பிறகு மாடி அறை கிடைத்தது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை. ஒரே நிபந்தனை: நாற்காலிகளை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். கீழே படிப்பவர்களுக்குத் தலைவலி வரும்.

முதல் கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் கல்லூரி விரிவுரையாளர். ஒருவர் பழுதான பிரிண்டரைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இது இலவச ரிப்பேர் முகாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாமவர் கீழே மின்விசிறி ஓடவில்லை என்று மேலே ஏறி வந்தவர். நான்காவதாக வந்தவன் இருபத்தெட்டு வயது இளைஞன், ஊரிலிருந்த ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன்.

அவள் நாற்பத்திரண்டு பக்கம் தயார் செய்து வைத்திருந்தாள். புரொஜெக்டர் ஒரு முறை நீலமாக முழித்துவிட்டு அணைந்துபோனது. கையைப் பிசைந்துகொண்டு நின்றவள், வேறு வழியில்லாமல் அந்த வெற்றிடத்தின் கதையைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அந்த இளைஞன் மேஜையைத் தட்டிச் சிரித்தான்.

"அக்கா, இது பரவாயில்ல. நான் வரி முடிவுல வைக்கிற ஒரு அரைப்புள்ளிக்காக ரெண்டு நாள் சுத்தினேன். கடைசியில பார்த்தா புள்ளியே அங்க இல்ல. ஸ்கிரீன்ல ஒட்டியிருந்த தூசியைத்தான் அரைப்புள்ளின்னு நினைச்சிருக்கேன்!"

பிரிண்டர்காரர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து அவனுக்கு அரைப்புள்ளி என்றே பெயர் நின்றுவிட்டது. விரிவுரையாளர் தன் பங்குக்கு, ஒரு வகுப்பு முழுக்க மதிப்பெண்ணை மாற்றிப் போட்ட கதையைச் சொன்னார். பன்னிரண்டரைக்கு நூலகர் மேலே வந்து கைக்கடிகாரத்தைக் காட்டும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிரிண்டர் மட்டும் சரியாகவில்லை.

இப்படித்தான் சறுக்கல் நேரம் பிறந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் ஒருவர் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவார். கடைசி அரைமணி நேரம் சறுக்கல் நேரம். வேலையில் தான் செய்த ஒரு தப்பை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். கம்பெனிப் பெயர் சொல்லக் கூடாது, கேட்கிறவர்கள் புத்திமதி சொல்லக் கூடாது. ஊரில் செய்தி பரவியது உண்மையில் அந்த அரைமணி நேரத்தால்தான். பேச்சைக் கேட்க வீட்டிலிருந்தே ஆயிரம் வழி இருக்கிறது. தன்னைப் போல இன்னொருவரும் சொதப்பியிருக்கிறார் என்று கேட்கத்தான் ஜனங்கள் மாடியேறி வந்தார்கள்.

எடுத்த எடுப்பில் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. நான்காவது மாதம் மழை கொட்டியதில் அவளும் அரைப்புள்ளியும் மட்டும் பதினாறு நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். "விட்டுடலாமா?" என்று கேட்டாள். "ரெண்டு பேரு உக்காந்தாலும் கூட்டம்தான்க்கா. நீங்க பேசுங்க, நான் கை தட்டுறேன்" என்றான். அவள் பேசினாள். அவன் நிஜமாகவே கை தட்டினான். அதன் பிறகு எல்லாவற்றையும் அவனே இழுத்துப்போட்டுச் செய்தான். வாட்ஸப் குழு தொடங்கினான், அலுவலகத்தில் தூக்கிப் போட்ட புரொஜெக்டரைத் தட்டிக்கொட்டி ஓட வைத்தான், புதிதாக வருகிறவர்களை மாடிப்படியிலேயே நின்று கையைப் பிடித்து அழைத்துவந்தான். இரண்டு வார்த்தையில் எவரையும் சிரிக்க வைக்கும் வாய் அவனுக்கு. ஒன்றரை வருடத்தில் நாற்பது பேர் ஆனார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்கள் ஐந்து பேர். நூலகர் முணுமுணுத்துக்கொண்டே கீழ்த்தளத்து நாற்காலிகளையும் தந்தார். அவள் கணவருக்கு மட்டும் புதிர் விடுபடவில்லை. "நாற்பது பேர் லீவு நாள்ல வந்து, நான் இப்படித் தப்பு பண்ணேன், அப்படித் தப்பு பண்ணேன்னு சொல்றாங்களா? எங்க கூடத்துல யாராவது இப்படிச் சொன்னா, ஊர்ல ஒருத்தரும் பல்லு கட்ட வரமாட்டாங்க" என்பார்.

அந்த நாற்பது பேரில் ஒருவர், எல்லோரும் நிதானம் என்று அழைத்த மனிதர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பார்சல் அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை. யார் எதைக் கேட்டாலும் "நிதானமா பார்ப்போம்" என்பார். அதைத் தவிர வேறு எதுவும் பேசி யாரும் கேட்டதில்லை. ஏழு மாதம் தவறாமல் வந்தார். கடைசியில் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போவார்.

எட்டாவது மாதம், சறுக்கல் நேரத்தில் அவர் கை உயர்ந்தது. அறையே திரும்பிப் பார்த்தது.

"எனக்குப் பேசி வழக்கமில்லை" என்று தொடங்கினார். "பழைய பதிவுகளை அழிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். பயிற்சிக்கு வெச்சிருந்த சர்வர்ல ஓட்டுறதா நினைச்சு, நிஜ சர்வர்ல ஓட்டிட்டேன். ரெண்டு ஸ்கிரீனும் ஒரே மாதிரி கறுப்பா இருந்துச்சு. அன்னிக்கு அனுப்ப வேண்டிய பார்சல் அத்தனைக்கும் முகவரி போச்சு."

ஒருவர் "ஐயோ" என்றார்.

"பேக்கப் பழசு. ரெண்டு நாள் சாப்பிடாம, காகிதச் சீட்டெல்லாம் பார்த்துப் பார்த்துத் திரும்ப ஏத்தினேன். பதினோரு பார்சல் மட்டும் வீடு மாறிப் போச்சு. ஒருத்தருக்குக் கல்யாண மோதிரத்துக்குப் பதிலா நாய் பிஸ்கட் போயிருக்கு." அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அதுகூடப் பெரிசில்ல. மேனேஜர் என்ன ஆச்சுன்னு கேட்டார். நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லிட்டேன். அந்த மாசம் நெட்வொர்க் பார்க்கிற கம்பெனியைக் கூப்பிட்டுத் திட்டினாங்க. நான் பக்கத்துலேயே நின்னுட்டிருந்தேன். ஒரு வருஷமாச்சு. வீட்டுலகூடச் சொல்லல. எங்கேயாவது ஒரு தடவை சொல்லணும்னு இருந்துச்சு."

யாரும் கை தட்டவில்லை. பிறகு அவர், நிஜ சர்வரில் நுழைந்தாலே திரை முழுக்கச் சிவப்பாக மாறும்படி தான் செய்துவைத்த ஏற்பாட்டை விளக்கினார். ஆளாளுக்கு அதைக் குறித்துக்கொண்டார்கள். கிளம்பும்போது அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்ததை அவள் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கணவரிடம், "இதுக்காகத்தாங்க நான் இதை ஆரம்பிச்சதே" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, வாட்ஸப் குழுவில் ஒரு வரி வந்தது: நிதானம் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். அன்று மாலைக்குள் சேதி தெரிந்துவிட்டது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, நெட்வொர்க் கோளாறு என்று சொன்னது பொய்தானே என்று நேராகக் கேட்டிருக்கிறார். அவர் ஆமாம் என்றிருக்கிறார். ராஜினாமாக் கடிதத்தை அவர்களே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். பேச்சு முடிந்து சறுக்கல் நேரம் என்று அவள் அறிவித்தாள். ஒரு கைகூட உயரவில்லை. யாரோ ஒருவர் தன் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். பக்கத்திலிருந்தவர் அவரையே பார்த்தார். எல்லாருடைய மனதிலும் ஒரே கேள்வி: இந்த அறையிலிருந்து யார் சொன்னது?

மறுநாள் அவள் நிதானத்தின் வீட்டைத் தேடிப் போனாள். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவர் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். கடைச் சீருடையோடு கிளம்பத் தயாராக நின்றார்.

"அண்ணி, அண்ணனைப் பார்க்க..."

"அண்ணின்னு கூப்பிடாதீங்க." குரல் உயரவில்லை. "பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். எங்கிட்டயே பத்து வார்த்தைக்கு மேல பேசாத மனுஷன். அவரைப் பேச வெச்சீங்க. நாற்பது பேருக்கு முன்னாடி. என்ன கிடைச்சுது உங்களுக்கு?"

உள்ளேயிருந்து நிதானம் எழுந்து வந்தார். முகம் மழிக்காமல் இருந்தது. "உள்ள வாங்க மேடம்" என்றார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, அவளைத் திரும்பிப் பாராமல் படியிறங்கிப் போனார்.

"யாருன்னு கண்டுபிடிச்சுடுவேன் அண்ணா" என்றாள் அவள்.

"கண்டுபிடிச்சு?" என்று கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதைப் போல இருந்தது. அவள் மேஜையிலிருந்த வேலை விண்ணப்பத் தாள்களைப் பார்த்தாள். முன்னனுபவம் என்ற இடத்தில் பேனா நின்றுபோயிருந்தது.

கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த வாரம் அரைப்புள்ளி அவளை நூலகத்துக்கு எதிரிலிருந்த டீக்கடைக்குக் கூப்பிட்டான். அவன் டீயைத் தொடவில்லை. நகைச்சுவை ஏதும் பேசவில்லை.

"அக்கா, நான்தான்."

"என்ன நீதான்?"

"ஆபீஸ்ல சாப்பிடும்போது சொன்னேன். மோதிரம், நாய் பிஸ்கட். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பேரு சொல்லலக்கா, சத்தியமா. கம்பெனியும் சொல்லல. ஆனா பார்சல்னு சொன்னேன், நெட்வொர்க் மேல பழி போட்டாருன்னு சொன்னேன். மேஜையில இருந்த ஒருத்தன் அந்த மேனேஜரோட மச்சான். எனக்குத் தெரியாதுக்கா."

அவனை அறைய வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றியது, அவன் தலையைத் தடவ வேண்டும் என்றும் தோன்றியது.

"கெட்ட எண்ணம் எதுவும் இல்லக்கா. நல்ல கதைன்னு சொன்னேன்."

"தெரியும்டா. அதுதான் கஷ்டமா இருக்கு."

அதன் பிறகு அவள் செய்தது, பின்னாளில் அவளே வெட்கப்பட்ட காரியம். சும்மா இருந்துவிட்டாள். குழு என்றாலே அரைப்புள்ளிதான் என்று பாதிப் பேருக்கு எண்ணம். இது வெளியே தெரிந்தால் அறையே காலியாகிவிடும் என்று பயந்தாள். கொஞ்ச நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது அவளிடமும் மூடி வைத்த ஒரு கதை சேர்ந்துவிட்டது.

அடுத்த கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர்தான். அதில் ஒரு பெண், கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியில் வேலை பார்ப்பவள். நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான்கு மாதமாக வந்துகொண்டிருந்தாள். அன்று அவளுக்கு இடப்பக்கம் மூன்று நாற்காலி காலி, வலப்பக்கம் இரண்டு காலி. ஆளெடுக்கும் வேலை பார்க்கிறவள், கம்பெனிகளோடு பேசிக்கொண்டே இருப்பவள், இவளைத் தவிர யார் சொல்லியிருப்பார்கள் என்று யாரோ எங்கேயோ முணுமுணுத்திருக்கிறார்கள். அது அந்தப் பெண்ணின் காதுக்கும் எட்டியிருந்தது. பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே அந்தப் பெண் லேப்டாப்பை மூடினாள். நாற்காலியை இழுக்காமல், சத்தமே வராமல் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அரைப்புள்ளி புரொஜெக்டர் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் கண்ணும், கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவளின் கண்ணும் சந்தித்தன. இருவரும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அன்று வீட்டில் சமைத்துக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். முடிவில், "ஒரு தடவை நான் ஒரு ஆளோட பல் அச்சை இன்னொருத்தருக்கு மாத்திப் போட்டுட்டேன். வேற ஒரு ஆள் திட்டு வாங்கினான். நான் சொல்லல" என்றார்.

"எப்போ?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி. இன்னும் அவன் என்னைப் பார்த்தா நல்லா இருக்கீங்களாண்ணேன்னு கேக்கிறான். அதைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசுது." வெங்காயத்தை வாணலியில் தள்ளினார். "நீ அந்தப் பொண்ணுக்கு முதல்ல போன் போடு."

அவள் போட்டாள். உன் மேல் எந்தத் தப்பும் இல்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், தெரிந்தும் இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்றாள். "யாருன்னு நான் கேக்கல அக்கா" என்றாள் அந்தப் பெண். "ஆனா அந்தக் காலி நாற்காலிங்களை நான் மறக்க மாட்டேன்."

அடுத்து அரைப்புள்ளியிடம் பேசினாள். "நீ கூட்டத்துல சொல்லணும். ஆனா அதுக்கு முன்னாடி அவர் வீட்டுக்குப் போகணும். நான் கூட வரமாட்டேன்."

அவன் மூன்று முறை போனான். முதல் முறை கீழ்வாசலோடு திரும்பிவிட்டான். இரண்டாம் முறை நிதானத்தின் மனைவி கதவைத் திறந்து, அவன் சொன்னதைக் கேட்டு, கதவைச் சாத்திவிட்டார். மூன்றாம் முறை நிதானமே திறந்தார். பிறகு நடந்ததை அரைப்புள்ளி அவளிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். அவன் வாயிலிருந்து வந்த கதைகளிலேயே அலங்காரம் இல்லாத கதை அதுதான்.

நிதானம் முழுவதையும் கேட்டுவிட்டு, "சிரிச்சாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"சிரிச்சாங்க அண்ணா."

"வேலை போனது நான் பொய் சொன்னதால. அதுக்கு உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா தம்பி, அந்தக் கதை என்னோடது. ஏழு மாசம் யோசிச்சு எடுத்துட்டு வந்தேன். அதை நீங்க எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாது."

அரைப்புள்ளி அழுதிருக்கிறான். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை, கூட்டம் தொடங்கியவுடனே சறுக்கல் நேரம் என்று அவள் அறிவித்தாள். அரைப்புள்ளி எழுந்து நின்றான். சிரிக்க வைக்க முயற்சி செய்யாமல், எட்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தான். விரிவுரையாளர் எழுந்து, "உன்னை நம்பித்தானேய்யா நான் எல்லாத்தையும் இங்க பேசினேன்!" என்று கத்திவிட்டார். மூன்று பேர் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் பிறகு வரவேயில்லை. கீழேயிருந்து நூலகர் வந்து வாசலில் நின்றார். வழக்கம்போல வாயில் விரல் வைக்கப் போனவர், அறையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

அவள் எழுந்தாள். "இன்னொரு சறுக்கலும் இருக்கு. இது எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். குழு கலைஞ்சுடும்னு பயந்து சும்மா இருந்தேன். நான் சும்மா இருந்ததால, ஒண்ணுமே பண்ணாத ஒருத்தர் பக்கத்துல உக்கார யாரும் வரல. நீங்களும் உக்காரல." ஆளெடுக்கும் பெண் கதவோரம் நின்றிருந்தாள். அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

சிலர் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்கள். "மன்னிப்பெல்லாம் வேண்டாங்க" என்றாள் அந்தப் பெண். "பக்கத்துல உக்காருங்க, போதும்."

அன்று பேச்சே நடக்கவில்லை. இரண்டரை மணி நேரமும் வாக்குவாதம்தான். சறுக்கல் நேரமே வேண்டாம் என்றார்கள் சிலர். அதை எடுத்துவிட்டால் நாம் எதற்கு மாடியேற வேண்டும் என்றார்கள் சிலர். கடைசியில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இங்கே கேட்ட கதையை வெளியே சொல்ல வேண்டுமானால், சொன்னவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பெயர் மாற்றினாலும், ஊர் மாற்றினாலும் கேட்டுவிட்டுத்தான். அரைப்புள்ளி குழுவின் பொறுப்புகள் அத்தனையையும் விட்டு விலகினான். வருவதை மட்டும் விடவில்லை. மாடிப்படியில் நின்று வரவேற்க இப்போது வேறு ஒருவர் இருந்தார். அவன் எல்லாரையும் போலப் படியேறி வந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தான்.

நிதானத்துக்கு வேலை தேடித் தருகிறோம் என்று இருபது பேர் கிளம்பினார்கள். அவர் யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. பரிதாபப்பட்டுக் கொடுக்கும் வேலை வேண்டாம் என்றார். ஆளெடுக்கும் பெண் மட்டும் வேறு மாதிரி போனாள். அவர் வீட்டில் போய் உட்கார்ந்து, "எனக்கு உங்க மேல பரிதாபம் எதுவும் இல்ல சார். அதுக்கு எனக்கு நேரமும் இல்ல. பேருந்து நேர அட்டவணை போடுற ஒரு ஆபீஸ்ல, எதையும் அவசரப்படாம செய்ற ஆள் வேணும்னு கேக்கிறாங்க. விண்ணப்பத்தைக் கொடுங்க" என்றாள். அவர் மனைவி அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாராம். அது அந்த வீட்டில் குழுவைச் சேர்ந்த ஒருவருக்குக் கிடைத்த முதல் டீ.

அதற்கு முன்பே அவர் இரண்டு நேர்காணலுக்குப் போயிருந்தார். இரண்டிலும், ஏன் வேலையை விட்டீர்கள் என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொன்னார். இரண்டு இடத்திலும் சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைத்தார்கள். பேருந்து அலுவலகத்திலும் அதையே சொன்னார். அங்கிருந்த தலைமைப் பொறியாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கப்புறம் என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார். நிதானம் சிவப்புத் திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாற்பது நிமிடம் பேசினார். பதினெட்டு வருடத்தில் தான் கேட்டதைவிட அதிகமான பேச்சு அது என்று அவர் மனைவி பிறகு சொல்லிச் சிரித்தார். அந்த அம்மா அவரை எடுத்துக்கொண்டார்.

நிதானம் நூலகத்து மாடிக்குத் திரும்பி வரவில்லை. அவள் ஒரு முறை கூப்பிட்டாள். "வேண்டாம் மேடம். அந்த ரூமுக்கு வந்தா எல்லாரும் என்னையே பார்ப்பாங்க" என்றார். அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. குழு முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவே நின்றது. அதற்கு மேல் வளர்க்க வேண்டும் என்ற வெறி அவளுக்கும் போயிருந்தது.

ஆறேழு மாதம் கழித்து, ஊரின் மறுகோடியிலிருந்த அந்தப் பேருந்து அலுவலகத்தில், சாப்பாட்டு இடைவேளையில் எட்டுப் பேர் வாரம் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் தப்புகளைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஆளெடுக்கும் பெண் வந்து சொன்னாள். ஆரம்பித்தது நிதானம்தானாம். பெயர் ஒன்றும் வைக்கவில்லையாம். "என்னக்கா, நமக்குப் போட்டியா?" என்று யாரோ கேட்டார்கள். அவள் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

ஒரு புதன்கிழமை பிற்பகல் அவள் மருத்துவமனைக்காரர்களோடு காணொளிக் கூட்டத்தில் இருந்தபோது அரைப்புள்ளியிடமிருந்து அடுத்தடுத்து ஐந்து முறை அழைப்பு வந்தது. பயந்துபோய்க் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு எடுத்தாள்.

"அக்கா, அவர் போன் பண்ணினார்."

"யாரு?"

"நிதானம் அண்ணா. அவரே. எனக்கு."

அவள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "என்ன சொன்னார்?"

"தேதி பத்திக்கா. அட்டவணையில நாள் முதல்ல வருதா மாசம் முதல்ல வருதான்னு குழப்பம். நான் போன வருஷம் கூட்டத்துல அதைப் பத்திப் பேசினேன்ல, அது ஞாபகம் இருந்திருக்கு. அரைமணி நேரம் பேசினோம்."

"வேற?"

"வேற ஒண்ணும் பேசல. தேதி மட்டும்தான். சரியாயிடுச்சுன்னா சொல்றேன்னார்." அவனே தொடர்ந்தான். "நான் இதை ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லலக்கா. உங்ககிட்ட சொல்லலாமான்னு அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் போன் பண்ணேன்."

"என்ன சொன்னார்?"

"நிதானமா சொல்லுங்கன்னார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. லேப்டாப்பில் மருத்துவமனைக்காரர்கள், "மேடம், இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இருங்க, ஒரு நிமிஷம்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, துணிகளைக் கம்பியில் ஒரு பக்கமாக ஒதுக்கி ஜன்னலோரம் உட்கார்ந்து, "சரி, முதல்லேருந்து சொல்லு" என்றாள் அரைப்புள்ளியிடம்.